முன் சீட்டில் யாரும் இல்லாதபோது

எங்கள் காரில் ஏசி இருந்தது. எழுபதுகளில், கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரின் காரில். இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் காலனியில் மின்விசிறியே இல்லாத வீடுகள் இருந்தன. கார் வாசலில் நின்றால் போதும், யாராவது வந்து, "கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்" என்பார்கள். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக் காட்டினால், "ஐயோ, ஜில்லுனு இருக்கே" என்று சிரித்துவிட்டு, இறங்கும்போது ஜலதோஷம் வராதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பணக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா ஒரு தொழிற்சாலையில் வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவருக்குக் கீழே அலுவலக வேலை பார்த்தார். அந்த மனிதர் ஊரோடு போனபோது தன் காரைக் கிட்டத்தட்ட சும்மாவே அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஆசை தீர ஓட்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டார். விற்றுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டேன். காரணம் அம்மா.

அம்மாவுக்கு இளைப்பு. தூசி ஆகவே ஆகாது. ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரம் பக்கம் கல் குவாரி லாரிகள் போகிற போக்குக்கு, பஸ்ஸில் டாக்டரிடம் போய்விட்டு வருவதற்குள் போன வியாதி திரும்பி வந்துவிடும். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசியைப் போட்டால் அம்மாவால் மூச்சு விட முடிந்தது. சைக்கிளில் போகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "மேடம், கார்ல தண்ணி ஒழுகுது" என்று கத்துவார்கள். அது ஏசித் தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு தலையை மட்டும் ஆட்டிவிடுவேன்.

அந்த ஏசி இப்போதைய கார்களில் இருப்பதைப் போல உள்ளேயே ஒளிந்திருக்காது. டேஷ்போர்டுக்குக் கீழே, நடுவில், ஒரு இரும்புப் பெட்டியாகத் தொங்கும். கியர் போடுகிற கைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அதைக் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி மாட்டியிருந்தார்கள். அதனால் ஓட்டுகிறவருக்குச் சௌகரியம், பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் கஷ்டம். காலை நீட்ட முடியாது. வலது முழங்கால் பெட்டியில் முட்டிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு அந்த முழங்காலில் வாதம் வேறு. "விறைச்சுப் போகுதுடி" என்பாள். "காலைக் கொஞ்சம் தள்ளி வையேன்மா" என்பேன். "இருக்கட்டும், எங்க தள்ளுறது" என்று ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டை நாலாக மடித்து முழங்காலில் போட்டுக்கொள்வாள். மடியில் கைப்பை, கையில் நீலகிரித் தைலம் தடவிய கைக்குட்டை. லாரி ஏதாவது எதிரே வந்தால், "இயேசப்பா" என்று காலை ஊன்றி, காரையே தான்தான் நிறுத்துவது போலப் பின்னால் சாய்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம், சில சமயம் காற்றுக்காக வேளச்சேரி ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் ஏரி வரைக்கும். வருஷக்கணக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த உலகம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஊரில் பல காரணங்கள் சொன்னார்கள். ஒன்றுகூட நிஜமில்லை, அதனால் நான் எதையும் மறுக்கவில்லை.

அம்மா ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். இளைப்பால் அல்ல, தூக்கத்தில், மூச்சு ஒரு சத்தமும் போடாமல். அடக்கம் முடிந்து, திருச்சியிலிருந்து வந்த அண்ணனும் அண்ணியும் திரும்பிப் போய், பள்ளிக்கூடம் திறந்து, நான் முதல் தடவையாகத் தனியாகக் காரை எடுத்தேன். குரோம்பேட்டைப் பக்கம் இருந்தது என் பள்ளி. ரயில்வே கேட்டைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி, கொஞ்சம் வேகம் எடுத்ததும் அந்தச் சத்தம் வந்தது.

குளிர் ஜுரக்காரருக்குப் பல் அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. கடகடகடவென்று கொஞ்ச நேரம், பிறகு ஓய்வு, மறுபடி கடகட. ஏசியை அணைத்தால் நின்றுவிடும். போட்டால், வேகம் எடுத்ததும் ஆரம்பிக்கும். காரை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் சாதுவாக இருக்கும்.

அணைத்துவிட்டு ஓட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணனும் அதைத்தான் கேட்டான். தூசி ஆகாதவள் போய்விட்டாள், எனக்கு எதற்கு ஏசி? ஆனால் ஏசியை அணைத்தால் கண்ணாடியை இறக்க வேண்டும். கண்ணாடியை இறக்கினால் காருக்குள் இருக்கிற நீலகிரித் தைல வாசனை போய்விடும். வீட்டில் அந்த வாசனை ஒரு வாரத்தில் போயிருந்தது. காரில்தான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதை அன்றைக்கு ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன முகபாவம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் அறிவியல் டீச்சர். ஒலி என்பது அதிர்வு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். எங்கோ ஏதோ அதிர்கிறது, கண்டுபிடித்தால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். மேற்குத் தாம்பரத்தில், பூவரச மரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான கீது மேடம். இன்னா சத்தம் வருதுன்றீங்க?"

"ஓடும்போதுதான் வரும். உள்ளே வரும்."

"பெல்ட்டு லூஸா இருக்கும்" என்று பெல்ட்டை இறுக்கினார். மறுநாளும் சத்தம் வந்தது. அடுத்த வாரம் ஃபேனைப் பிரித்து மாட்டினார். சத்தம் வந்தது. வாயு குறைந்திருக்கும் என்றார், நிரப்பினோம். உள்ளே இன்னும் அதிகமாகக் குளிர்ந்தது, சத்தமும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

"நீங்களே வந்து கேளுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். நல்ல மனிதர், ஆனால் கல்யாணமாகாத டீச்சரம்மாவோடு தனியாகக் காரில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற பயம். கடைக்குப் பின்னாலேயே வீடு. போய் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகப் பின்னால் உட்கார்ந்தார். குரோம்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அந்த அம்மாள் பயத்தில் ஏசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சத்தம் வரவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, நீங்களே எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தேன். மச்சானை ஏற்றிக்கொண்டு போனார். வண்டலூர் வரைக்கும் ஜாலியாகப் போய் வந்து, "பஞ்சு மாரி போவுது மேடம்" என்றார். மச்சானும் அப்படியே தலையை ஆட்டினான். இந்த ஊரில் என்னைத் தவிர யாருமே தனியாகக் காரில் போவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் தப்பு இல்லை. அவளாகத்தான் கேட்டாள், ஏன் அடிக்கடி மெக்கானிக் கடையில் நிற்கிறாய் என்று. அவள் கணவர் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தார், பிள்ளைகள் பெரியவர்கள், பகல் முழுக்க அவளுக்கு வேலை இல்லை. அம்மா போனதிலிருந்து குழம்போ கூட்டோ ஒரு கிண்ணம் சுவர் மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"தனியாப் போகாதே, நான் துணைக்கு வரேன்" என்று ஒரு சனிக்கிழமை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து மருமகள் கதையை ஆரம்பித்தாள். அது முடிவதற்குள் கேம்ப் ரோடு வந்து, சேலையூர் வந்து, திரும்பியும் வந்துவிட்டோம். சத்தம் இல்லை. அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சாமான் வாங்க நான் மறுபடி மார்க்கெட்டுக்குப் போனேன். தெரு முனை திரும்பி வேகம் எடுத்ததும் கடகடவென்றது.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தனியாக இருந்தால் வருகிறது, யாராவது இருந்தால் வருவதில்லை. இதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது? ஒரு வேளை எடை காரணமாக இருக்கலாம் என்று மளிகைக்கடையில் ஒரு அரிசி மூட்டையை வாங்கி முன் சீட்டில் ஏற்றிவைத்தேன். ஓட்டினேன். அரிசி மூட்டை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சத்தம் பாட்டுக்கு வந்தது. ஆக, எடை இல்லை. உயிருள்ள ஆள்தான் வேண்டுமாம் அதற்கு.

அரிசியை இறக்கிவைக்க அக்காவின் உதவி தேவைப்பட்டது. எதற்கு இவ்வளவு அரிசி என்று கேட்டாள். சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் மாறியது. குரலை இறக்கி, "அம்மா உட்கார்ந்த இடமாச்சே. நோய்க்கும் பார், பேய்க்கும் பார்னு சொல்லுவாங்க. உங்க சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார் இல்லே?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் கிண்ணத்தைக் கழுவாமலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அவள் ஊரெல்லாம் சொல்லவில்லை, அது வரை நல்லது. திருச்சிக்கு மட்டும் சொன்னாள். அண்ணன் போகும்போது தான் வேலை பார்க்கிற பாங்கின் போன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், எனக்கு ஏதாவது ஒன்று என்றால் சொல்லச் சொல்லி. அந்த 'ஏதாவது ஒன்று' இதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ட்ரங்க் கால் போட்டிருக்கிறாள்.

அண்ணன் அடக்கத்தன்றே சொல்லியிருந்தான், வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்கு வந்துவிடு என்று. மாடியில் ஒரு ரூம் இருக்கிறது, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றான். நான் முடியாது என்றேன். இது அப்பா கட்டின வீடு. அப்பாவும் அம்மாவும் இங்கேதான் கல்லறையில் இருக்கிறார்கள். அதோடு, மாடியில் ஒரு ரூம் என்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அண்ணி நல்லவள்தான். ஆனால் நான் அந்த வீட்டில் விருந்தாளியாகவும் இருக்க மாட்டேன், வீட்டுக்காரியாகவும் இருக்க மாட்டேன். மாடிப்படியில் நடக்கும்போதுகூடச் சத்தம் வராமல் நடக்க வேண்டியிருக்கும். அப்போது அண்ணன் வற்புறுத்தவில்லை. இப்போது லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான்.

வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தான். சாப்பிடும்போது, "தூக்கம் வருதா பாப்பா?" என்றான். நாற்பது தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான். "வருது" என்றேன். "கார்ல என்னமோ கேக்குதாமே?"

"கேக்குது. ஏசி சத்தம்."

"நீ மட்டும் இருக்கும்போது கேக்குதாம்."

"ஆமா."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசுவார்களே, அந்தக் குரலில் பேசினான். "தனியா இருந்தா இப்படித்தான்மா ஆரம்பிக்கும். இன்னிக்கு கார்ல கேக்கும், நாளைக்குக் கூரையில கேக்கும். உன்னை இப்படி விட்டுட்டுப் போனா அம்மா என்னை மன்னிக்க மாட்டா."

எனக்கும் அந்தப் பயம்தான். அவன் சொன்னது எனக்குள் ஏற்கெனவே இருந்தது, அதனால்தான் அவ்வளவு வலித்தது. பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு காலையில் நான் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கும், நகர்த்தி வைத்த நாற்காலிகூட அங்கேயே இருக்கும். சில நாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும்போதுதான் அந்த வாரத்தில் என் குரலை வகுப்புக்கு வெளியே கேட்பேன். இப்படி இருக்கிற ஒருத்திக்கு இல்லாத சத்தம் கேட்காது என்று யார் உறுதி சொல்வது? நானே நம்பவில்லை. ஆனால் சத்தம் நிஜம் என்று காட்ட முடியாவிட்டால் வீடு போய்விடும், மாடி ரூம் வந்துவிடும். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மேடவாக்கத்தில் இருக்கிற ஒருவர் நம் வீட்டை வாங்கக் கேட்டிருக்கிறார், போய்ப் பேசிவிட்டு வரலாம் என்றான் அண்ணன். இப்போது மேடவாக்கம் என்றால் அடுக்குமாடியும் தண்ணீர் லாரியும் நெரிசலும். அப்போது அது வயலும் ஏரியுமான ஊர், வேளச்சேரி ரோட்டில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். நான் சாவியை எடுத்தேன். அண்ணன் கையை நீட்டினான்.

"கொடு, நான் ஓட்டுறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியும்மா. இன்னிக்கு நான் ஓட்டுறேனே."

என்னை நம்பி உட்கார அவனுக்குப் பயம் என்று புரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் சுற்றிப் போய் ஏறினேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் ஓட்டினவள் நான். உட்கார்ந்ததும் வலது முழங்கால் பெட்டியில் முட்டியது. அண்ணன் ஏசியைப் போட்டான். கொஞ்ச தூரம் போவதற்குள் புடவையையும் மீறி முழங்கால் விறைத்தது. அம்மா சொன்ன குளிர் இதுதான் என்று தெரிந்தது. கதவுப் பையில் கை விட்டால் அந்தச் சிவப்புக் கட்டத் துண்டு அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் பார்ப்பான்.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும் வரை கார் ஒரு சத்தமும் போடவில்லை. அண்ணன் அதைக் கவனித்துக்கொண்டேதான் வந்தான். ஏரிக்கரை வந்ததும், "பாத்தியா, ஒண்ணுமே இல்லையே" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல.

"இப்ப நீ இருக்கே. அதான் வரலை."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கே கேட்டது. அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த ஆள் கிட்ட என்ன பேசறதா இருந்தாலும் நீயே பேசிக்கோ. நான் இறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கதவுப் பக்கம் முழுசாகத் திரும்பி, காலையும் இழுத்து மடக்கி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். சின்ன வயதில் கோபம் வந்தால் அப்படித்தான் உட்காருவேன், பஸ்ஸிலும் சரி, கோயில் பெஞ்சிலும் சரி.

கடகடகடவென்றது.

நான் திரும்பவில்லை. எனக்குத்தான் கேட்கிறது, அவனுக்குக் கேட்காது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி இது சத்தம்?" என்றான் அண்ணன்.

நான் வெடுக்கென்று திரும்பினேன். சத்தம் நின்றது. "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. பல் அடிக்கிற மாதிரி. இப்ப எங்க போச்சு?"

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவனுக்குக் கேட்டதே பெரிய விஷயம், ஏன் நின்றது என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என் முழங்காலைப் பார்த்தேன். திரும்பின வேகத்தில் மறுபடியும் பெட்டியில் போய் ஒட்டியிருந்தது. மெதுவாகக் காலை எடுத்தேன். கடகடவென்றது. வைத்தேன், நின்றது. எடுத்தேன், வைத்தேன். அண்ணன் ரோட்டைப் பார்ப்பதா என் காலைப் பார்ப்பதா என்று தெரியாமல், புளிய மரத்தடியில் காரை ஓரம் கட்டினான்.

அவன் சட்டையெல்லாம் அழுக்காகக் கீழே குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தான். பெட்டியை இரண்டு பக்கமும் பட்டைக் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். வலது பக்கக் கம்பியில் போல்ட் இருந்தது. இடது பக்கத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. ஓட்டையைச் சுற்றிப் பழைய துரு. நேற்று இன்று விழுந்த போல்ட் இல்லை, விழுந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

"அப்ப இவ்வளவு நாள் ஏன் சத்தம் வரலை?" என்றான், இன்னும் குனிந்தபடியே.

நான் கதவுப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. அந்தத் துண்டு அவனுக்கும் தெரியும்.

வாதக் கால். தள்ளி வை என்று நான் சொல்லும்போதெல்லாம், இருக்கட்டும் என்று சொன்ன கால். காலை எடுத்தால் பெட்டி கத்தும் என்று தெரிந்து வைத்திருந்தாளா, வேறு இடம் இல்லாமல் வைத்திருந்தாளா என்பது எனக்கு இன்றும் தெரியாது. எனக்கு இருட்டில் வண்டி ஓட்டப் பயம், கார் கொஞ்சம் முனகினாலும் ஓரம் கட்டிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அது மட்டும் தெரியும்.

"இதுக்கு முன்னாடி யாருமே கேக்கலையா? பின் சீட்டுல ஒருத்தர் உக்காந்து, முன் சீட்டைக் காலியா விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றான் அண்ணன்.

"யாரும் காலியா விடலை. எல்லாரும் துணைக்கு வந்தாங்க."

அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏரியில் ஒருவன் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பிறகு அண்ணன் மேடவாக்கத்துக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் முழங்காலைப் பெட்டியில் வைத்துக்கொண்டே வந்தேன். துண்டைப் போட்டுக்கொண்டேன்.

பூவரச மரத்தடியில் மெக்கானிக் போல்ட்டை மாட்டி முடுக்கினார். "அட, இவ்ளோதானா மேடம்! ஒரு போல்ட்டுக்கா இந்தப் பேஜார் புடிச்ச அலைச்சல்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி வாசலில் நின்று, "நான்தான் கெட்டியாப் புடிச்சிகினு வந்தேனே, அதான் அன்னிக்கு வர்ல" என்று பெருமையாகச் சொன்னாள். அண்ணன்கூடச் சிரித்துவிட்டான்.

இரவு சாப்பாட்டின்போது சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். "நான் தப்பா நினைச்சுட்டேன் பாப்பா. உனக்கு ஒண்ணும் இல்லை. நீ இங்கேயே இரு. இனிமே நான் இதைப் பத்திப் பேச மாட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை மாதம் மெக்கானிக் கடையில் நின்றேன், அரிசி மூட்டையைத் தூக்கினேன். "சரி" என்றேன். சாம்பார் ஊற்றினேன். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவனைத் தாம்பரம் ஸ்டேஷனின் மேற்கு வாசலில் கொண்டு விட்டேன். ரயில் வருவதற்கு நேரம் இருந்தது. அண்ணியைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றி, மின்சார ரயிலில் கூட்டம் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசினோம். மாடி ரூமைப் பற்றி அவன் பேசவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவன். ரயில் வந்தது, ஏறினான், ஜன்னலிலிருந்து கையை ஆட்டினான், போய்விட்டான்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்ததால் பெரிய ரோட்டில் பெருங்களத்தூர் வரை சும்மா போய்த் திரும்பினேன். ஏசி ஓடியது. வேகம் எடுத்தேன், வழக்கமாக ஆரம்பிக்கிற இடம் வந்தது, என்னை அறியாமல் உடம்பு சத்தத்துக்குத் தயாரானது. ஒன்றும் வரவில்லை. அத்தனை மாதமும் சத்தமாவது கூட வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அந்த சீட் நிஜமாகவே காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது கேட் மறுபடி மூடியிருந்தது, அது திறக்கும் வரை ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, சொல்வதில் வெட்கம் இல்லை. அண்ணன் ரயில் ஜன்னலிலிருந்து இன்னும் ஒரே ஒரு தடவை வா என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவன் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவான்? எனக்கு ஒன்றும் இல்லை என்று நான்தான் அவனுக்குக் காட்டிவிட்டேனே.